இரண்டு கதவுள்ள கார் செட்டு

தாது வருஷம் வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை, பாலுசாமிக் கவுண்டரின் பழைய ஃபோர்டு கார் கோயமுத்தூர் ராமநாதபுரத்து வீட்டை விட்டுப் புறப்பட்டது. பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் தம்பிதுரை அதை வாங்கியிருந்தார். முந்தின வெள்ளிக்கிழமையே எடுத்துப்போக வந்தவரை, பாலுசாமியின் அம்மா குழந்தையம்மாள் வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட வெளியே போகாது, கார் எப்படிப் போகும்? சனி ஆகாது, செவ்வாய் ஆகாது என்று தள்ளித் தள்ளிப் புதன் வந்து சேர்ந்தது.

சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து, முகப்பு விளக்குகளுக்கு நடுவே மஞ்சள் குங்குமம் பூசி, ஆரத்தி சுற்றி முடித்ததும் குழந்தையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க அத்தை, உங்க பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்பறப்பக்கூட நீங்க இப்புடி அழுகலைன்னு பேசிக்கறாங்களே," என்றாள் மருமகள் சாந்தாமணி.

"அவ நோம்பிக்கு நோம்பி வந்து உக்காந்துக்கறா. இது திரும்பி வருமா?"

தம்பிதுரை ஹார்ன் அடித்தார். சளி பிடித்த வெள்ளாடு போல அது மூன்று முறை கத்தியது. தெருவே பார்த்து நிற்க, கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி மறைந்தது.

சாந்தாமணி மட்டும் காரைப் பார்க்கவில்லை. வீட்டை ஒட்டி, கார் நின்ற கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலி இடத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கொடுமுடியில் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கோழிக்கூண்டை வீட்டின் நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் கோழிகளே வழி தெரியாமல் பக்கத்து வீட்டில் முட்டையிடும்படி செய்தவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த பிறகு உரல், குதிர், மாட்டுத் தொட்டி எல்லாம் அவள் கையால் இடம் மாறின. "இவ என்னையும் ஒருநாள் தூக்கி வேற பக்கம் வெச்சுருவா," என்று பாலுசாமி பஞ்சு மண்டியில் சொல்லிச் சிரிப்பான். மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்தத் துருதுருப்பு அடங்கவில்லை.

ஆனால் இந்த முறை அவள் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காததற்குக் காரணம் வேறு. கொடுமுடியில் அவள் அம்மா பூவாத்தாள், குத்தகைக்கு எடுத்த ராகிக் காட்டையும் ஒரு மாட்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். ஒரே மகன் அப்புசாமி பெண்டாட்டி பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்க் கடை வைத்துவிட்டான். போன ஐப்பசியில் காவிரிப் படித்துறையில் வழுக்கி விழுந்து பூவாத்தாளின் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுக் கூடினாலும் கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைக்க முடியாது. ஆற்றுக்குப் போகாதே என்றால் கேட்கவும் மாட்டாள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டால், பூவாத்தாளுக்கு வரும் கோபத்தில் மணிக்கட்டு நேராகிவிடும் போலிருக்கும். பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா? பேரனுக்குக் காது குத்து என்றால் வருவாள், ஒரு வேளை சாப்பிடுவாள், பொழுதோடு ரயிலேறிவிடுவாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

சாந்தாமணி அந்தக் கொட்டகையைப் பார்த்தாள். மேலே சீமை ஓடு. மூன்று பக்கம் செங்கல் சுவர், அதில் ஒன்று சமையற்கட்டோடு சேர்ந்த சுவர். தெருவைப் பார்த்து இரண்டு பெரிய பலகைக் கதவுகள். வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு எலி போகக்கூட வழியில்லை.

'இது வீடா? கார் நின்ன எடம்தானே!'

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் சாப்பிட வந்த பாலுசாமி, பெண்டாட்டி கொட்டகைத் தரையில் மரத்தூளைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றான். எண்ணெய்க் கறை மூக்குவரை ஏறியிருந்தது.

"அம்மணி, கார் போயி இன்னும் டயர்த்தடம் அழியலை. அதுக்குள்ள என்ன?"

"எங்கம்மாவுக்கு ரூம்பு."

"உங்கம்மா வரமாட்டாங்க."

"ஊட்டுக்குத்தானுங்க வரமாட்டாங்க. கார் செட்டுக்கு வரமாட்டேன்னு எப்பச் சொன்னாங்க? தெருப்பக்கம் தனிக் கதவு, தனி அடுப்பு, தனித் தண்ணிப் பானை. உங்க ஊட்டுப் பக்கமே திரும்ப வேண்டியதில்லை."

மில்லில் வேலை பார்க்கும் கணக்கர் ஒருவருக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடலாம் என்று அவன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அவள் மூக்கிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்ததும் அந்தக் கணக்கு எங்கோ போய்விட்டது.

"எங்கம்மா பருத்திக்கொட்டை மூட்டை அடுக்கறதுக்கு அந்த எடத்தக் கேட்டுட்டு இருக்குதே?"

"அத்தைய நான் பாத்துக்கறேன்."

குழந்தையம்மாளை வளைப்பதற்கு ஒரே வார்த்தை போதுமாக இருந்தது. அவளுக்குத் தாயம் ஆடப் பைத்தியம். வீட்டில் ஆட ஆளில்லாமல், வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்துத் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். இடது கை ஏமாற்றுகிறது என்று சில நாள் கோபித்துக்கொண்டு கட்டத்தை அழித்துவிடுவதும் உண்டு.

"எங்கம்மா தாயம் நல்லா ஆடுவாங்க அத்தை."

"சம்பந்தியா? நெசமாவா? அப்பப் பருத்திக்கொட்டையத் தூக்கிக் கிணத்துல போடு!"

தனிக் கதவு எதற்கு, தனி அடுப்பு எதற்கு என்பதை மட்டும் சாந்தாமணி மாமியாரிடம் சொல்லவில்லை. 'உங்கள் கூரைக்குக் கீழே எங்கம்மா தங்கமாட்டாள்' என்று எந்த மருமகள் எந்த வாயால் சொல்வாள்? சொல்லாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாளே ராசப்பன் கொத்தனார் வந்தார். ஆடி பிறந்தால் புது இடத்தில் குடிபுக முடியாது. அதற்குள் முடிக்க வேண்டும். வீடே திருவிழாப் போல ஆனது. பெரிய பலகைக் கதவுகளைக் கழற்றிப் போட்டு, அந்த அகன்ற வாய்க்குச் செங்கல் கட்டி, நடுவில் ஒரு சின்ன வாசல், பக்கத்தில் ஒரு ஜன்னல். கழற்றிய பலகைகளை ஆசாரி அறுத்து ஒரு கட்டில் செய்தார். பெட்ரோல் நாற்றம் போக வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகைத்தார்கள். புகை தெருவுக்கு வந்து, நெருப்புப் பிடித்துக்கொண்டது என்று எதிர்வீட்டுக்காரர் குடத்தோடு ஓடிவந்தார்.

தரைக்கு நடுவே ஒரு குழி இருந்தது. மெக்கானிக் இறங்கி நின்று காரின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்காக வெட்டியது.

"இத மண்ணப் போட்டு மூடிப்போடலாமுங்க அம்மணி," என்றார் ராசப்பன்.

"ஐயோ, மூடிப்போடாதீங்க!" சாந்தாமணி குழிக்குள் குதித்தே விட்டாள். தலை மட்டும் வெளியே தெரிய, நான்கு பக்கமும் கையால் தட்டிப் பார்த்தாள். "இதுக்குச் சுத்திச் சுண்ணாம்புக் காரை பூசிக் குடுங்க. மேல பலகை மூடி. எங்கம்மாவுக்கு ஒரு வருசத்து ராகி போட்டு வெக்கலாம்."

ராசப்பன் கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காருக்குக் குழி வெட்டினவனுக்கு இது தெரிஞ்சா வேலையவே உட்டுப்போட்டுப் போயிருவானுங்க."

கடைசியாகப் பைக்காராவிலிருந்து வரும் கரண்டுக்கு ஒரு கம்பி இழுத்து, நடுவில் ஒரு பல்பு தொங்கவிட்டார்கள். சாந்தாமணி சுவிச்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று எழுந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். அவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அம்மாவைக் கூட்டிவரக் கொடுமுடிக்கு ரயிலேறினாள்.

பூவாத்தாள் எல்லாவற்றையும் கேட்டாள். கோணல் கையால் முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பொண்ணக் குடுத்த ஊட்டுல போயிக் குந்திக்கச் சொல்ற."

"ஊட்டுக்கு ஆரு கூப்புட்டா? நான் கார் செட்டுக்குக் கூப்படறேன். நீங்க பொங்கி நீங்க சாப்புடுங்க. எங்களுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்க வேண்டாம்."

"ஊட்டுக்கும் அதுக்கும் நடுவுல?"

"செவுரு."

"செவுத்துல கதவு?"

"இல்லைங்கம்மா. சத்தியமா இல்லை. இந்தக் காவேரி மேல ஆணை."

பூவாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "காருக்குக் கட்டின எடம்னா ஆரோட ஊடும் இல்லைதான்," என்றாள் மெதுவாக. "வந்து பாக்கறேன். புடிச்சா இருக்கறேன்."

திங்கட்கிழமை மத்தியானம் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா பிடித்தார்கள். வழியெல்லாம் சாந்தாமணி பேசிக்கொண்டே வந்தாள். மடியில் துணி மூட்டையும் ஒரு சின்ன ராகிப் பையும் வைத்திருந்த பூவாத்தாள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அம்மா பேசாமல் சந்தோஷப்படுகிறவள் என்று மகளுக்குத் தெரியும்.

தெருக்கதவைத் திறந்ததும் பூவாத்தாள் முகம் மலர்ந்தது. கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பல்பை அண்ணாந்து பார்த்து, "இது அவியாதா?" என்று கேட்டாள். குழியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தபோது வாய்விட்டே சிரித்தாள். "கள்ளி! காருக்குழியில ராகியா!"

அப்புறம் நிமிர்ந்தாள்.

சமையற்கட்டுச் சுவரில் ஒரு கதவு இருந்தது. புத்தம்புதுக் காரைப் பூச்சின் ஈரம் இன்னும் காயவில்லை. தேக்கு வாசக்காலில் மஞ்சள் குங்குமம், மேலே மாவிலைத் தோரணம். கதவு திறந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் குழந்தையம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஆவி பறக்கும் காப்பி.

"வாங்க சம்பந்தி, வாங்க! பாத்தீங்களா? அட்டாலியில கெடந்த எங்க பழைய வாசக்கால். மழை பேஞ்சா நீங்க தெருவைச் சுத்தி வரோணுமேன்னு நெனச்சேன், மனசு கேக்கலை. பையனும் ஊர்ல இல்லை, ராசப்பனப் புடிச்சு ரெண்டு நாள்ல ஒடைச்சு வெச்சுப்போட்டேன். இனி ஒரே ஊடுதான்!"

அந்தக் கதவு சாந்தாமணிக்கே புதிது.

பூவாத்தாள் வாசக்காலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டாள். "ரொம்ப லட்சணமா இருக்குதுங்க சம்பந்தி. நான் சும்மா பாத்துட்டுப் போலாமுன்னுதான் வந்தேன். பொழுதோட வண்டிக்குப் போகோணும்."

காப்பி ஆறியது. பூவாத்தாள் தெருவோரம் ஜட்காவுக்காகக் காத்து நின்றபோது மகள் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா. காவேரி மேல ஆணை வெச்சேனே, அப்ப இல்லீங்க."

"தெரியும் கண்ணு. உம்மேல தப்பில்லை, அந்த அம்மா மேலயும் தப்பில்லை. ஆனா வாசக்கால் வெச்சு மஞ்சப் பூசியாச்சு. இனி அது உங்க ஊடு."

அன்று மாலைதான் சாந்தாமணி மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். குழந்தையம்மாளுக்குக் கோபம் வந்தது. "இத முன்னாடியே எங்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன உன்னக் கடிச்சா திங்கப் போறேன்? நல்லது பண்ணப் போயி கெட்டவளா ஆயிட்டனே!"

"கதவ எடுத்துப்போட்டுச் செங்கல் வெச்சு அடைச்சரலாமுங்க அத்தை."

"வெச்ச வாசக்கால எடுக்கறதா? பூசை போட்டத? ஊடு வெளங்குமா?"

சாந்தாமணி ராசப்பனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் காதைப் பொத்திக்கொண்டார். "வேற எது வேணா ஒடைக்கறனுங்க. குத்துன வாசக்கால்ல மட்டும் கை வெக்கமாட்டனுங்க அம்மணி."

சுவரை அடைக்க முடியாது. கதவு இருக்கும்வரை அம்மா வரமாட்டாள். ஆடி பிறந்தது. சாந்தாமணி தினமும் அந்தக் கதவின் முன்னால் போய் நின்று, அதைப் பார்வையாலேயே எரிக்க முடியுமா என்று பார்த்தாள்.

குழந்தையம்மாளும் தூங்கவில்லை. ஒருநாள் காலையில் தாயக்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாள் சமையற்கட்டுப் பக்கம் இருந்தது. அதைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

"சாந்தாமணீ! இங்க வா. இந்தத் தாழ்ப்பாள் ஆரு பக்கம் இருக்குது?"

"நம்ம பக்கமுங்க."

"அதான! நாம தொறந்தாத்தான் அவங்க வரமுடியும். நம்ம ஊட்டு ரூம்புன்னு அவங்க நெனைக்காம வேற என்ன நெனைப்பாங்க? இதப் புடுங்கி அந்தப் பக்கம் அடிச்சரலாம். பூட்டும் அந்தப் பக்கம். அவங்க தொறந்தாத்தான் நாம போகோணும். அப்ப அது ஆரு ஊடு?"

சாந்தாமணி மாமியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அத்தை! உங்களத் தூக்கிச் சுத்தோணும் போல இருக்குதுங்க!"

"வேண்டாம் தாயி, எறக்கி வெக்கறப்ப எங்க வெப்பியோ தெரியாது."

அன்றைக்கே தாழ்ப்பாள் மாறியது. ஒரு கனமான திண்டுக்கல் பூட்டும் தொங்கியது. சாவி ஒன்றே ஒன்று. பஞ்சுத் தரகு வேலையாகக் கரூர் போன பாலுசாமி, வழியில் கொடுமுடியில் இறங்கி, விவரத்தையெல்லாம் சொல்லி, சாவியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

"என்னங்க சொன்னாங்க?" சாந்தாமணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சாவிய வாங்கிச் சேலை முந்தியில முடிஞ்சுக்கிட்டாங்க."

"அப்பறம்?"

"மோர் குடுத்தாங்க."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"மோர்ல உப்புப் போதுமா மாப்ளைன்னு கேட்டாங்க."

அதற்குப் பிறகு கொடுமுடியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆவணி போனது, தீபாவளி போனது, தைப் பொங்கல் போனது. மில் கணக்கர் வாடகைக்கு இடம் கேட்டு வந்தார். பாலுசாமி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது எங்க மாமியா ஊடுங்க, அவங்களத்தான் கேக்கோணும்," என்று சொல்லி அனுப்பிவிட்டான். தெருக்கதவு வழியாகப் போய் சாந்தாமணி தினமும் பெருக்கினாள். அந்தியானால் பல்பைப் போட்டாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடக் குழந்தையம்மாளும் போவாள். சமையற்கட்டிலிருந்து எட்டி வைத்தால் போகிற இடத்துக்கு, மழையில் குடை பிடித்துத் தெருவைச் சுற்றிப் போவாள்.

"நான் நல்லா வெச்சேன் வாசக்காலு!" என்று போகும்போதெல்லாம் தன்னையே வைதுகொள்வாள்.

சாவியைத் திருப்பி அனுப்பவில்லையே என்பதுதான் சாந்தாமணிக்கு இருந்த ஒரே பிடிப்பு. வேண்டாம் என்றால் அம்மா அதைத் திருப்பியிருப்பாள். அடுத்தவர் சாமான் ஒரு துரும்பானாலும் வைத்துக்கொள்ளமாட்டாள். இப்படி நினைத்துத் துள்ளி எழுவாள். அடுத்த நாள் அதே நினைப்பு தெம்பு தராமல் போய்விடும். குழியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். சுத்தமாக, காலியாக, வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

மறு வருஷம் ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள், சமையற்கட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் காதில், சளி பிடித்த வெள்ளாடு ஒன்று தெருவில் மூன்று முறை கத்தியது.

கரைத்த புளி கையில் வழிய அவள் ஓடினாள். அவளுக்கு முன்னால் குழந்தையம்மாள் ஓடிக்கொண்டிருந்தாள். "வந்திருச்சு! என்ற காரு வந்திருச்சு!"

பழைய ஃபோர்டு தன் பழைய கொட்டகைக்கு எதிரே வந்து நின்று, செங்கல் சுவரையும் சின்னக் கதவையும் பார்த்துக் குழம்பியது போல் இருமி அடங்கியது. தம்பிதுரை இறங்கினார். பின் இருக்கையில் இரண்டு சாக்கு மூட்டைகள் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

"பெருக்குக்குக் கொடுமுடி போயிருந்தோமுங்க," என்றார் அவர். "படித்துறையில ஒரு அம்மா இந்தக் காரையே சுத்திச் சுத்திப் பாத்தாங்க. 'இது ராமநாதபுரத்துக் காருதானே'ன்னு கேட்டாங்க. ஆமாமுங்கன்னேன். அவ்வளவுதான், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மூட்டைய ஏத்திப்போட்டாங்க. சேதியும் ஒண்ணு சொல்லியனுப்பிச்சாங்க. ஒரு வார்த்தை தப்பாமச் சொல்லோணும்னு என்ன ரெண்டுவாட்டி ஒப்பிக்க வெச்சாங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க!" சாந்தாமணிக்கு நிற்க முடியவில்லை.

தம்பிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் போல நேராக நின்றார்.

"'காட்டுக் குத்தகை இந்த ஆடியோட முடிஞ்சுது. மாட்டையும் நல்ல எடத்துல குடுத்தாச்சு. அது முடியாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். ராகி முன்னால வருது, குழிய நல்லாக் கூட்டிக் கொட்டு. ஆவணி பொறந்ததும் பின்னால நான் வாரேன். சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குது. சம்பந்தியத் தாயக்கட்டைய எடுத்து வெக்கச் சொல்லு. ஆனா என்ற ஊட்டுக்கு வாரப்பக் கதவத் தட்டிப்போட்டுத்தான் வரோணும்.'"